ரெம்பியாவில் வெடித்த தட்டு

சாந்தியிடமிருந்து அழைப்பு வந்தபோது நான் ஜாசின் பாசாரில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தி, தேவகியின் தங்கை, ரெம்பியாவில் இருக்கிறாள். “மல்லியக்கா, அக்கா போயிட்டாங்க” என்றாள். எங்கே போனாள் என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் புரிந்தது. பாச்சாங்கில் எங்கள் கண்ணாடிப் பட்டறைக்கு மாடியில்தான் தேவகி குடியிருந்தாள். காலையில் பசியாற இறங்கி வரவில்லையே என்று பக்கத்துக் கோப்பிக்கடை முதலாளி தவுக்கே, தன்னிடம் இருந்த மறுசாவியைப் போட்டுத் திறந்து பார்த்திருக்கிறார். ஒருக்களித்துப் படுத்தபடியே இருந்தாளாம். இருதயம் என்று பிறகு சொன்னார்கள். அவளை ரெம்பியாவுக்கு, சாந்தி வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

அடுத்து நான் கேட்டதைச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். “உலை எரியுதா?” என்று கேட்டேன். சாந்தி போனை வைத்துவிட்டாள். ஆனால் தேவகியை அறிந்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடி உருகும் உலை அரிசிப் பானை அடுப்பு இல்லை, நினைத்தவுடன் அணைக்க. படிப்படியாக இறக்கவேண்டும். சட்டென்று அணைத்தால் உள்ளே இருக்கும் மண்கொப்பரை விரிசல் விட்டுவிடும். அதனால் ஜாசினிலிருந்து நான் நேராக ரெம்பியாவுக்குப் போகவில்லை. பாச்சாங்குக்குப் போய் உலையின் சூட்டைக் குறைத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இழவு வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவளைக் குளிப்பாட்டிப் புடவை கட்டியிருந்தார்கள். ‘இருபது வருஷத்துக்கு மேல கூட இருந்தவ, இப்பத்தான் வர்றா’ என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

என்னை உலுக்கியது வேறொன்று. கொட்டகைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். “யாருன்னு தெரியலையா? அந்தக் கல்யாணத்தட்டு வெடிச்சுச்சே, அந்தக் கண்ணாடிக்காரம்மா லா.” மற்றவர் உடனே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் வாழ்நாளில் செய்தவை எத்தனை! ஜாடிகள், விளக்குகள், கோயில் சன்னலுக்கு வைத்த மயில், மணவறைக்குப் பின்னால் தொங்கவிட்ட மாவிலைத் தோரணம். அதையெல்லாம் விட்டுவிட்டு, வெடித்த ஒரே ஒரு தட்டைச் சொல்லித்தான் அவளை அடையாளம் காட்டவேண்டியிருக்கிறது. அந்தத் தட்டு ஏன் வெடித்தது என்று அந்தக் கொட்டகையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் நின்றேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அவசரப்படுத்தாதீர்கள், சொல்கிறேன். முதலில் அவளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தேவகி ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். நானும் அவளும் பழகியது கிலாங்கில். தொழிற்சாலையை நாங்கள் கிலாங் என்போம். விளக்குக் குமிழ் செய்யும் கிலாங்கில் ஒரே வரிசை, ஒரே ஷிப்ட். அவள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வாள். குமிழில் ஓட்டையோ கோடோ இருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பது என் வேலை. கிலாங்கிலிருந்து அவளையும் வேறு சிலரையும் ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். போன மற்றவர்கள் துணிமணியும் கேமராவும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவள் வந்து, ஒரு சின்னப் பட்டறையைப் பற்றி மட்டும்தான் பேசினாள். அங்கே ஒருவர் குழாய் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து, வாயால் ஊதிக் கிண்ணம் செய்தாராம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் நின்றிருக்கிறாள். பாஷை தெரியாது. கையில் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாளாம். நாலாவது வாரம் அவர் குழாயை நீட்டினாராம்.

பிறகு எங்கள் கிலாங் அந்த வரிசையை மூடியது. எல்லாரும் அடுத்த வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டிருந்தபோது இவள் பாச்சாங்கில் கார் பழுது பார்க்கும் கடை ஒன்று காலியாகிறது என்று ஓடினாள். எனக்குப் போன் செய்தாள். “மல்லி, ஓட்டையை ஒரு பார்வையில கண்டுபிடிப்பியே, அந்தக் கண்ணு எனக்கு வேணும். வாடி.” போனேன். போகாதே, கண்ணாடி ஊதிச் சோறு கிடைக்குமா என்று வீட்டில் அத்தனை பேரும் சொன்னார்கள். அவள் கூப்பிட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓர் ஆள் வேலை இல்லை. அவள் பலகையில் உட்கார்ந்து இரும்புக் குழாயை உருட்டிக்கொண்டே இருப்பாள். உருட்டுவதை நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். ஈரமாக்கிய செய்தித்தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அந்தச் செக்கச்சிவந்த உருண்டையைத் தடவி உருவம் கொடுப்பாள். குழாயின் மறுமுனையில் நான் மண்டியிட்டு ஊதவேண்டும். “ஊது” என்பாள். ஊதுவேன். “போதும்” என்பாள். நிறுத்துவேன். நாள் முழுக்க எங்களுக்குள் இந்த இரண்டு வார்த்தைதான். சில நாள் சண்டையாக இருக்கும்; மற்றப் பேச்சே இருக்காது. அப்போதும் ‘ஊது’வும் ‘போதும்’மும் உண்டு. “யாரு வேணா ஊதலாம்டி, எங்க நிறுத்துறதுன்னு தெரியணும்” என்பாள். எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் சொன்னால்தான் நிறுத்துவேன். இப்போது வீட்டில் பாலில்லாத தே ஓ ஆற்றும்போது, சும்மா இருக்கும்போது, அந்த ‘போதும்’ கேட்காதா என்று காது காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

அவளிடம் குறையே இல்லை என்று எழுத மாட்டேன், அவளே சிரிப்பாள். பிடிவாதக்காரி. வாடிக்கையாளர் சிவப்புக் கேட்டால், உங்கள் வீட்டுச் சுவருக்குச் சிவப்பு ஆகாது என்று பச்சையில் செய்துவைத்து, வாங்கினால் வாங்குங்கள் என்று உட்கார்ந்திருப்பாள். நான்தான் நடுவில் நின்று இளித்துச் சமாளிக்கவேண்டும். ஒருமுறை கோயில் தலைவரிடமே, “கண்ணாடிக்குக் காது கெடையாதுங்க. நீங்க கெஞ்சினாலும் கேக்காது, நான் திட்டினாலும் கேக்காது. அது ஆறுற நேரத்துக்குத்தான் ஆறும்” என்று சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டு போய், மறுவாரம் வாழைப்பழச் சீப்போடு வந்தார். அப்படியும் அவளை யாராலும் வெறுக்க முடியாது.

ஆறுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மீதி புரியாது. ஊதிச் செய்ததாக இருந்தாலும் சரி, நிறக் கண்ணாடித் துண்டுகளை வெட்டி அடுக்கி உருக்கி ஒட்டியதாக இருந்தாலும் சரி, செய்து முடித்த சாமானை மூடிபோட்ட சூளைக்குள் வைத்து மெல்ல மெல்ல ஆறவைக்கவேண்டும். நாங்கள் அதைப் பெட்டி என்போம். மெல்லிய ஜாடி ஓர் இரவில் ஆறிவிடும். கனமான தட்டுக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். முன்னாலேயே திறந்தால் சில சாமான் அங்கேயே உடையும். சில சாமான் உடையாது. பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே மட்டும் இறுக்கம் தங்கிவிடும். வீட்டுக்குப் போய், ஒரு நாளோ ஒரு மாதமோ கழித்து, யாரும் தொடாமலே டப்பென்று வெடிக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரெம்பியாவிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். தாலியை மஞ்சள் தேங்காயின்மேல் வைத்துச் சபையில் எல்லாரிடமும் ஆசி வாங்கச் சுற்றிக்கொண்டு போவோமே, அந்தத் தட்டு கண்ணாடியில் வேண்டும் என்றார்கள். தேவகி ஆசை ஆசையாகச் செய்தாள். நடுவில் தெளிந்த கண்ணாடி, சுற்றிலும் மயில்நீலத்தில் மாங்காய்கள், ஓரத்தில் மஞ்சள் கோடு. அவ்வளவு கனமாக அதுவரை நாங்கள் செய்ததில்லை. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனாள். மூன்றாம் நாள்தான் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாளே பெண்ணின் அத்தை போன் செய்தார். வெளியூர்ச் சொந்தங்கள் வந்திருக்கிறார்கள், நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். தேவகியாக இருந்தால் சொல்லியிருப்பாள். நான் நல்ல பேர் வாங்கப் பார்த்தேன். சரிங்க, வாங்க என்றேன். பெட்டியின் சூடு காட்டும் எண் அப்போது நானூற்றைம்பதுக்கும் மேலே நின்றது. மூடியை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கி, இடையில் ஒரு செங்கல் துண்டைச் சொருகினேன். மடமடவென்று எண் இறங்கியது. காலையில் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இந்தக் கண்ணால், கிலாங்கில் ஆயிரமாயிரம் குமிழைக் கழித்த கண்ணால்தான் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். தேவகி வந்து கேட்டபோது, எல்லாம் சரியாக ஆறிவிட்டது என்றேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, அலமாரியில் இருந்த இடத்திலேயே தட்டு வெடித்தது. தாலித் தட்டு! அந்த வீட்டில் அழுகைச் சத்தமே கேட்டதாம். ஐயரைக் கூப்பிட்டார்கள், பரிகாரம் செய்தார்கள். நாங்கள் இருவரும் பஸ் பிடித்துப் போனோம். அலமாரிக்கு முன்னால் தேவகி குந்தி உட்கார்ந்து விரிசலை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரலால் தடவினாள். விரிசலைப் படிக்கத் தெரிந்தவள் அவள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நிறங்களை வைத்திருந்தால், நிறத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விரிசல் போகும். சரியாக ஆறாத கண்ணாடியில் அது நிறத்தைப் பார்க்காது. குறுக்கே புகுந்து வளைந்து வளைந்து போகும். அந்த விரிசல் நடுவில் இருந்த தெளிந்த கண்ணாடியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருந்தது. எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, பெண்ணின் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினாள். “நெறம் சேரலைங்க. நான் தப்பா எடுத்துட்டேன். என் தப்புத்தான்” என்றாள். அந்த அத்தை பேசிய பேச்சையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான் செய்தேன்.

அதற்குப் பிறகு ரெம்பியாவிலிருந்தும் அலோர் காஜா பக்கமிருந்தும் கல்யாண வேலை ஒன்றுகூட வரவில்லை. அந்தம்மா கண்ணாடி வேண்டாம், வெடிக்கும், ஆகாது என்ற பேச்சு வாட்ஸ்அப் புலனக் குழுக்களில் சுற்றியது. அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், புருஷன் தங்கமானவர். வெடித்தது தட்டு; கல்யாணம் நன்றாகத்தான் இருக்கிறது. அதை எந்தக் குழுவிலும் யாரும் போடவில்லை.

பட்டறைக்குத் திரும்பிய அன்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். மறுநாள் காலையில் அவள் சொன்னது ஒன்றுதான். “இனிமே பெட்டி முழுக்க உன் பொறுப்புடி. எப்ப மூடுறது, எப்ப தொறக்குறது, நீயே பாத்துக்க. நான் கேக்கமாட்டேன்.” பெட்டியைக் கெடுத்தவளிடமே பெட்டியைக் கொடுத்தாள். அன்றைக்கு அது எனக்குத் தண்டனையாகத்தான் பட்டது. ஒவ்வொரு முறையும் எண்ணை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் மூடியைத் தொடுவேன். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையிலிருந்து போன எதுவும் வெடிக்கவில்லை.

சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒருநாள் மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, “தேவகி, அந்த ரெம்பியா தட்டு...” என்று ஆரம்பித்தேன். “ரசம் ஆறுது, குடி” என்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சொல்லி முடித்திருப்பேன். இல்லை. அதுதான் என்னை அடைத்தது. முதல் வாரம் சொல்லாதது அடுத்த வாரம் இன்னும் கனத்தது. மூன்று வருஷம் தோளோடு தோள் உரசி வேலை செய்தோம். ஊது, போதும், ஊது, போதும். இதைச் சொல்ல ஒரு நாள் கிடைக்கவில்லை எனக்கு. வெட்கக்கேடு.

அடக்கம் முடிந்த மறுநாள் சாந்தி பாச்சாங்குக்கு வந்தாள். என் பேத்திக்குக் காது குத்து என்று நான் இரண்டு நாள் ஜாசினில் இருந்தபோது, தேவகி தனியாக ஏதோ செய்து பெட்டியில் வைத்து மூடியிருந்தாள். உள்ளே என்னவென்று எனக்கே தெரியாது. மூடியின்மேல் ஒட்டியிருந்த தாளில் ‘கனம், மூணு நாளு’ என்று மட்டும் அவள் கையெழுத்து. அக்கா கடைசியாகச் செய்தது எதுவோ அதைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும், சொந்தமெல்லாம் ஊருக்குப் போவதற்கு முன்னால் இப்போதே எடுத்துக் கொடுங்கள் என்றாள் சாந்தி. முடியாது என்றேன். இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்றேன்.

“செஞ்சவளே போயிட்டா, சாமானுக்கு என்னக்கா மூணு நாளு? லேசா தொறந்து எடுங்க லா” என்று மூடியில் கை வைத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். துக்க வீட்டுப் பெண்ணைத் தள்ளிவிட்டேன், என்னை மன்னிக்கவேண்டும். “தொறந்தா இப்ப ஒண்ணும் ஆகாது சாந்தி. அப்புறமா வெடிக்கும். உன் அக்கா படத்துக்குப் பக்கத்துல வெடிக்கும்.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு தடவ நான் தொறந்திருக்கேன்.”

எது என்று சாந்தி கேட்கவில்லை. ரெம்பியாவில் குடியிருப்பவள், மூன்று வருஷமாக அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செங்கல் துண்டுவரை சொன்னேன். அவள் அழுதாள், என்னைத் திட்டினாள், நானும் அழுதேன். “அக்கா எங்கிட்டகூட நெறம் சேரலைன்னுதான் சொன்னுச்சு” என்றாள். கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து பையில் கட்டித் தரும் கோப்பி புங்குஸ் இரண்டு வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள்.

நேரம் ஆனதும் திறந்தோம். உள்ளே இருந்தது ஒரு மீன் தட்டு. செதில் செதிலாகப் பச்சையும் சாம்பலும் அடுக்கி, கண்ணுக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்த முரட்டு மீன். பக்கத்துக் கடை தவுக்கேயின் மகன் புதிதாகக் கடை போடுகிறான், அவனுக்காகச் செய்தது என்று தவுக்கே பிறகு சொன்னார். ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்த சாந்தி, “மீனாக்கா?” என்று கேட்டு, கண்ணீரோடு சிரித்துவிட்டாள். கவிச்சி சேர்க்காத துக்க வீட்டில், விளக்குக்குப் பக்கத்தில், பூமாலைக்குக் கீழே பதினாறு நாளும் மீன் இருந்தது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். தவுக்கே வந்து பார்த்தார்; காரியம் முடிகிறவரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தேவகி இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பதினாறாம் நாள் வீடு நிறையச் சனம். அந்தக் கொட்டகைப் பெண்மணியும் வந்திருந்தார். எழுந்து நின்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சாந்திகூட என்னைப் பார்த்தாள். இலை போட்டுவிட்டார்கள், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன, எனக்கு நாக்கு எழவில்லை. மறுபடியும் நின்றேன், அவ்வளவுதான்.

ஆகவே ரெம்பியா மக்களே, அலோர் காஜா மக்களே, அந்தத் தட்டைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் கேளுங்கள். நிறம் சேர்ந்துதான் இருந்தது. அவள் கை தப்பவில்லை. பெட்டியைத் திறந்தவள் நான், மல்லிகா. இனிமேல் யாராவது ‘வெடிச்ச தட்டு’ என்று ஆரம்பித்தால், அதற்குப் பின்னால் என் பேரைச் சொல்லுங்கள், தேவகி பேரைச் சொல்லாதீர்கள்.

அவள் குழாயையும் கத்தரியையும் சாந்தி பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறாள். உங்களுக்கு எது வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். எதுவும் வேண்டாம் என்றேன். மூன்று வருஷம் எனக்காக அவள் சுமந்த பழி ஒன்று இருக்கிறது. அது என்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.